வழுக்குமே என்ற பயம்: கைக்குழந்தையைக் குளிப்பாட்டிய அனுபவங்கள்

முதல் குழந்தையின் அம்மா:

எங்கள் மகளுக்குத் தொப்புள்கொடி காய்ந்து விழுந்துவிட்டது. இதுவரை ஈரத்துணியால் துடைத்துத்தான் வந்தோம். இனித் தொட்டியில் குளிப்பாட்டலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் சட்டையைக் கழற்றிய நொடியிலேயே வீறிட்டு அழுகிறாள். நனைந்த உடம்பு கையிலிருந்து வழுக்கிவிடுமோ என்ற நினைப்பே எனக்கு நடுக்கம் தருகிறது. இதைக் கடந்து வந்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? தயவுசெய்து விரிவாகச் சொல்லுங்கள்.

இரண்டு பிள்ளைகளின் தாய்:

சகோதரி, வழுக்கும் பயம் எனக்கும் இருந்தது. பிடி பழகியதும் அது போய்விட்டது. என் இடது முன்கை குழந்தையின் பிடரிக்கும் தோளுக்கும் அடியில் போகும். விரல்கள் மறுபக்கத்து அக்குளைச் சுற்றி மேற்கையைப் பற்றிக்கொள்ளும். தலை என் மணிக்கட்டின் மேல் சாய்ந்திருக்கும். இப்படிப் பிடித்தால் குழந்தை துள்ளினாலும் எளிதில் நழுவாது, வலது கை முழுக்கக் கழுவுவதற்குக் கிடைக்கும். இந்தப் பிடியை முதலில் தண்ணீரே இல்லாமல், குழந்தை உடுப்போடு இருக்கும்போது கட்டிலின் மேல் பலமுறை பழகிப் பார்த்தேன். கைக்கு நம்பிக்கை வந்த பிறகுதான் தொட்டிக்குப் போனேன். நீங்களும் அப்படியே தொடங்குங்கள்.

அழுகைக்கு வருவோம். என் பிள்ளைகள் இருவருமே தண்ணீருக்காக அழவில்லை, குளிருக்காகத்தான் அழுதார்கள். எடையோடு ஒப்பிட்டால் கைக்குழந்தையின் உடற்பரப்பு பெரியவர்களைவிட அதிகம். அதனால் உடல்சூடு சட்டென்று இறங்கிவிடும், ஈரம் காயும்போது இன்னும் இறங்கும். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் சட்டையில் கை வைப்பேன். கழற்றியதும் ஒரு மெல்லிய துணியைப் போர்த்தி, காலிலிருந்து மெதுவாகத் தண்ணீரில் இறக்குவேன். நெஞ்சின் மேல் வெதுவெதுப்பான ஈரத்துணி ஒன்று கிடக்கும். அது ஆறிவிடாமல் அவ்வப்போது கையால் தண்ணீரை அள்ளி அதன் மேல் விடுவேன். இந்த ஒரு துணி செய்த உதவியை வேறு எந்தப் பொருளும் எங்கள் வீட்டில் செய்யவில்லை.

முகத்தை முதலில், சோப்பு இல்லாமல் துடைப்பேன். கண்ணுக்கு மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு, கண்ணுக்குக் கண் தனிப் பஞ்சு. காதின் வெளிமடலோடு நிறுத்திக்கொள்வேன், உள்ளே எதையும் விடுவதில்லை. பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்புப் பகுதியை முன்னிருந்து பின்னாகத்தான் கழுவ வேண்டும். தலையைக் கடைசியில் நனைப்பேன், ஈரத்தலையோடு வெகுநேரம் இருந்தால் உடம்பு சில்லிட்டுவிடும். கழுத்து மடிப்பை மறக்காதீர்கள். வழிந்த பால் அங்கேதான் தங்கிப் புண்ணாக்கும்.

பசியோடு இருக்கும்போதும் வேண்டாம், பால் குடித்த கையோடும் வேண்டாம்.

ஒன்றரை வயது மகனின் அப்பா:

எங்கள் வீட்டில் குளிப்பாட்டுவது என் பொறுப்பு. நான் அதிகம் கவலைப்படுவது வெந்நீரைப் பற்றித்தான். முதலில் குளிர்ந்த நீர், பிறகு வெந்நீர் என்ற வரிசையை நான் ஒருபோதும் மாற்றுவதில்லை. கலந்தபின் அடிவரை கையால் துழாவி, முழங்கையை முக்கிப் பார்ப்பேன். உள்ளங்கை சூட்டுக்குப் பழகியது, அதை நம்ப முடியாது. வெப்பமானி வைத்திருப்பவர்கள் 37 அல்லது 38 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் சூடாக்கும் கருவியை 49 டிகிரிக்கு மேல் போகாதபடி அமைத்துவிட்டேன். 60 டிகிரி நீர் சில நொடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும், குழந்தையின் தோல் நம்முடையதைவிட மெல்லியது. குழந்தை தொட்டியில் இருக்கும்போது குழாயைத் திறக்கவே மாட்டேன். நடுவில் சூடு கூடிவிட்டால் நாம் கவனிப்பதற்குள் எல்லாம் நடந்துவிடும்.

ஆழம் 5 சென்டிமீட்டர் இருந்தால் போதும். அந்த ஆழமும் ஆபத்தானதுதான். மூழ்கும் குழந்தை கத்தாது, கையடித்துக் கூப்பிடாது, சத்தமே வராது. ஒருநாள் குளியலின் நடுவில் அழைப்பு மணி விடாமல் அடித்தது. மகனைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். வந்தவர் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். துண்டு, மாற்றுத்துணி, அரைத்துணி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைத்த பிறகே அவனைத் தூக்குகிறேன். குளியல் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு நகரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது கவிழும், குழந்தை அதிலிருந்து சரியவும் செய்யும். மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவதும் கூடாது. குளித்து முடித்ததும் தொட்டியையும் வாளியையும் உடனே கவிழ்த்துவிடுங்கள்.

பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணிபுரியும் செவிலியர்:

அளவுக்கு மேல் கழுவுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பிறந்த குழந்தையின் மேல் இருக்கும் வெண்மையான மெழுகுப் பூச்சைத் தேய்த்து எடுக்கத் துடிக்கிறார்கள். அது தோலைக் காக்கும் படலம், தானாகவே உள்ளே இறங்கிவிடும். முதல் குளியலுக்குப் பிறந்து 24 மணி நேரமாவது காத்திருக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்வது உடல்சூட்டையும் தாய்ப்பால் தொடங்குவதையும் மனத்தில் வைத்துத்தான். பிறகும் முதல் ஆண்டில் வாரத்துக்கு இரண்டு மூன்று குளியல் போதும். அரைத்துணி மாற்றும்போதும் பால் கக்கும்போதும் அந்தந்த இடத்தைச் சுத்தம் செய்தாலே குழந்தை சுத்தமாக இருக்கும். தினமும் குளிப்பாட்ட விரும்பினால் 5 முதல் 10 நிமிடத்துக்குள் முடித்து, சோப்பை மிகக் குறைவாக, மணம் சேர்க்காததாகப் பயன்படுத்துங்கள். சாதாரண சோப்பு காரத்தன்மை கொண்டது, தோலின் இயல்பான அமிலத்தன்மையைக் குலைத்து வறட்சியைத் தரும்.

அழும் குழந்தைக்கு நான் செய்யும் முறை ஒன்று. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தந்தை ஒருவர், தொடவே அஞ்சி எட்டி நின்றார். குழந்தையை மெல்லிய துணியில் தளர்வாகச் சுற்றி, துணியோடு தோள்வரை நீரில் இறக்கி அவர் கையிலேயே கொடுத்தேன். ஒரு கையை மட்டும் துணியிலிருந்து எடுத்துக் கழுவி, மறுபடி மூடி, பிறகு அடுத்த கை, அடுத்து கால் என்று செய்யச் சொன்னேன். குழந்தை அழவே இல்லை. கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்குத்தான் கண் நிறைந்தது. உங்கள் மகளுக்கும் இதை முயன்று பாருங்கள் அம்மா.

முதல் குழந்தையின் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. துணியில் சுற்றி இன்று குளிப்பாட்டினோம், சிணுங்கியதோடு சரி. ஆனால் தண்ணீரை விட்டுத் தூக்கியதும் பெரிய அழுகை. அதற்கு என்ன செய்வது?

இரண்டு பிள்ளைகளின் தாய்:

ஈரத்துணியைத் தொட்டியிலேயே கழற்றிவிட்டு, தூக்குவதற்கு முன்பே துண்டை உங்கள் மார்பின் மேல் விரித்துக்கொள்ளுங்கள். தூக்கிய வேகத்தில் நேராக அதன் மேல் சாய்த்து, தலையையும் சேர்த்து மூடிவிடுங்கள். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம் மூன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு உடுப்பை மாட்டுங்கள். அதன்பின் பால் கொடுத்தால் என் பிள்ளைகள் அப்படியே உறங்கிவிடுவார்கள்.