தாமிர நச்சு: டாஃப்னியாவையும் ஆர்ட்டீமியாவையும் எப்படி ஒப்பிடுவது?

தாமிர சல்பேட்டின் நச்சுத்தன்மையை டாஃப்னியா மேக்னா என்ற நன்னீர்த் தெள்ளிலும் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலிலும் ஒப்பிடப் போய் மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். இரண்டுக்கும் 48 மணி நேரச் சோதனைதான். டாஃப்னியா பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகள், நன்னீர், 20 டிகிரி செல்சியஸ். ஆர்ட்டீமியா கடல்நீர், 25 டிகிரி.

டாஃப்னியா குறைந்த செறிவிலேயே அடியில் படுத்துவிடுகிறது. பீக்கரை மெல்ல ஆட்டி 15 விநாடி பார்த்தாலும் நீந்துவதில்லை, உணர்கொம்பு மட்டும் துடிக்கிறது. அதே செறிவில் ஆர்ட்டீமியா திருவிழாவுக்கு வந்ததுபோல் சுற்றுகிறது!

நச்சு கலக்காத பீக்கர்களில் ஓர் இறப்பும் இல்லை. உயிரிகளின் உணர்திறன் சரியா என்று பார்க்கும் பொட்டாசியம் டைகுரோமேட் சோதனையும் டாஃப்னியாவுக்கு வரம்புக்குள். முதலில் டாஃப்னியாவை எம்4 என்ற செயற்கை வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்துச் சோதித்தேன். அதிலுள்ள இடிடிஏ என்ற வேதிப்பொருள் தாமிரத்தைப் பிணைத்துக்கொள்ளும் என்பது தாமதமாகத்தான் உறைத்தது. ஒரு வாரம் வீண். இடிடிஏ இல்லாத நீருக்கு மாறினேன். வாய் திறவாத முதல் நிலை ஆர்ட்டீமியாவை விட்டு, உண்ணத் தொடங்கும் இரண்டாம் நிலையையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு உயிரிகளுக்கும் உள்ள இடைவெளி சற்றுக் குறைந்தது, அவ்வளவுதான்.

கடல்நீரின் குளோரைடும் கார்பனேட்டும் தாமிரத்தைக் கட்டிவைக்கும் அல்லவா? அப்படியானால் மொத்தத் தாமிரத்தை விட்டுவிட்டு, தனித்த தாமிர அயனியின் செறிவைக் கணக்கிட்டு இரண்டின் ஈசி50 (பாதி உயிரிகளைப் பாதிக்கும் செறிவு) மதிப்புகளையும் ஒப்பிடுவது சரியா?