ஆர்லாண்டோ டைம்ஷேர்: நிலையான வாரமா, பாயிண்ட் முறையா?

கேள்வி (கயல்)

வணக்கம். நாங்கள் வட கரோலினாவில் வசிக்கிறோம். பிள்ளைகள் பள்ளியில் படிப்பதால் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மட்டுமே ஆர்லாண்டோ செல்ல முடிகிறது. அங்குள்ள ஒரு ரிசார்ட்டில் இரண்டு படுக்கையறை வீட்டின் 51ஆம் வாரத்தை டைம்ஷேராக, அதாவது ஆண்டுதோறும் அந்த வாரம் தங்கும் உரிமையாக, பத்திரத்துடன் வைத்திருக்கும் ஒரு குடும்பம், அதை எங்களுக்கு விற்க முன்வந்துள்ளது. டிஸ்னியின் டைம்ஷேர் திட்டமான டிஸ்னி வெக்கேஷன் கிளப்பில், ஆண்டுதோறும் அறைகளுக்காகச் செலவிடும் பாயிண்டுகளை வாங்கினால் வேண்டிய தேதியில் வேண்டிய அளவு அறையை எடுக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எங்களுக்கு எது பொருந்தும்?

மறுமொழி (வைகைக்கரை)

ஆண்டுதோறும் ஒரே காலத்தில், ஒரே ஊருக்கு, ஒரே அளவு வீட்டுக்குச் செல்லும் குடும்பத்துக்கு நிலையான வாரமே மேல் என்பது என் உறுதியான கருத்து. அந்த வாரம் உங்கள் பெயரில் இருக்கும்வரை முன்பதிவுக்காக யாரோடும் போட்டியிட வேண்டியதில்லை.

ஆயினும் பத்திரத்தில் 51 என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். பல ரிசார்ட்டுகளில் அந்த எண் பதிவுக்காக இடப்பட்டதே. பயன்பாடு மிதக்கும் வாரமாக, அதாவது பருவத்துக்குள் ஏதேனும் ஒரு வாரத்தை ஒவ்வோர் ஆண்டும் முன்பதிவு செய்து பெறுவதாக இருக்கும். நிலையான வாரமே என்றாலும் நாட்காட்டியைக் கேட்டு வாங்குங்கள். ஜனவரியின் முதல் சனிக்கிழமையிலிருந்து வாரங்களை எண்ணும் ரிசார்ட்டில், பெரும்பாலான ஆண்டுகளில் 51ஆம் வாரத்துக்குள் டிசம்பர் 25 வந்துவிடும். 2022 போல ஜனவரி 1 சனிக்கிழமையாக அமையும் ஆண்டில் அவ்வாரம் டிசம்பர் 17 அன்று தொடங்கி 24 அன்றே முடிந்துவிடும்.

மறுமொழி (தென்றல்)

பாயிண்ட் முறையின் பக்கமும் நியாயம் உண்டு. டிஸ்னி இத்திட்டத்தை 1991இல் தொடங்கியபோதே வாரங்களை விற்காமல் பாயிண்டுகளைத்தான் விற்றது. செப்டம்பரில் குறைந்த பாயிண்டுகளுக்குக் கிடைக்கும் அதே அறைக்கு, கிறிஸ்துமஸ் காலத்தில் மிகக் கூடுதலான பாயிண்டுகளைச் செலவிட வேண்டும் என்பதால், உங்கள் தேவையை அதன் பாயிண்ட் அட்டவணையில் உள்ள மிக விலையுயர்ந்த நாட்களைக் கொண்டே கணக்கிடுங்கள். ஓர் ஆண்டின் பாயிண்டுகளை அடுத்த ஆண்டுக்குச் சேமிக்கவும், அடுத்த ஆண்டினதை முன்கூட்டியே எடுக்கவும் முடியும். பயணம் தவறக்கூடிய குடும்பத்துக்கு இது பெரும் வசதி. ஆனால் சொந்த ரிசார்ட்டுக்கு (நீங்கள் பாயிண்டுகள் வாங்கிய ரிசார்ட்டுக்கு) 11 மாதங்களுக்கு முன்பும், பிற ரிசார்ட்டுகளுக்கு 7 மாதங்களுக்கு முன்பும்தான் முன்பதிவு திறக்கும். டிசம்பர் இறுதிக்கு 7 மாதத்தை நம்பியிருப்பது சரியன்று.

அட்டவணையை மாற்றும் அதிகாரம் நிறுவனத்திடம் இருக்கிறது. ஒரு ரிசார்ட்டின் ஆண்டு மொத்தப் பாயிண்டுகளை உயர்த்த முடியாது என்றாலும், நாட்களுக்கிடையே அவற்றை நகர்த்தலாம். மறுவிற்பனையில் வாங்குவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும்: 2019 ஜனவரி 19 முதல் அவ்வாறு வாங்கப்படும் பழைய ரிசார்ட்டுகளின் பாயிண்டுகளைப் பின்னர் திறக்கப்பட்ட ரிவியரா போன்ற ரிசார்ட்டுகளுக்குப் பயன்படுத்த இயலாது.

கயல்

மிக்க நன்றி. பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்றபின் இதிலிருந்து வெளியேற விரும்பினால் எந்த முறை எளிது?

மறுமொழி (வைகைக்கரை)

அங்கேதான் என் பரிந்துரைக்கு ஒரு நிபந்தனை சேர்கிறது. பழைய வாரப் பத்திரங்கள் பலவற்றுக்கு முடிவுத் தேதியே கிடையாது. நீங்கள் செல்லாத ஆண்டிலும் ரிசார்ட்டின் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் வரும், வாங்க ஆள் கிடைக்காவிட்டால் அது தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். டிஸ்னியின் தொடக்ககால ரிசார்ட்டுகள் பலவற்றின் ஒப்பந்தம் 2042 ஜனவரி 31 அன்று முடிகிறது; அதன் பாயிண்டுகளுக்கு மறுவிற்பனைச் சந்தையும் நன்றாக இருக்கிறது. ஆகவே அந்த வாரத்தின் கடந்த சில ஆண்டுகளின் கட்டண உயர்வையும், நிலுவை ஏதுமில்லை என்ற எழுத்துச் சான்றையும் ரிசார்ட் நிர்வாகத்திடம் கேளுங்கள். உரிமையைத் திரும்ப ஏற்றுக்கொள்ளும் திட்டம் அவர்களிடம் இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

மறுமொழி (தென்றல்)

நிறுவனத்திடமே நேரடியாக வாங்குவதாக இருந்தால், ஃபுளோரிடா சட்டப்படி கையெழுத்திட்ட நாள் அல்லது கடைசி ஆவணம் கைக்கு வந்த நாள், இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து 10 நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். தனியாரிடம் வாங்கும்போது இப்பாதுகாப்பை எதிர்பார்க்க வேண்டாம். எல்லாவற்றையும் கையெழுத்துக்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.