தோற்ற ஆட்டத்தை மறுபடி ஆடிப் பார்த்தபோது

செந்தூல் அன்பர்:
பிரிக்பீல்ட்ஸில் நடந்த சதுரங்கப் போட்டியில், கறுப்புக் காய்களுடன் இரட்டைக் குதிரைத் தற்காப்பு என்னும் தொடக்க முறையை ஆடிப் பத்தாம் நகர்த்தலில் மேட் ஆனேன். வெள்ளைக் குதிரை ஜி5 கட்டத்துக்கு (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை) வந்தது, நான் டி5இல் சிப்பாயைத் தள்ளியது, குதிரையால் திருப்பி வெட்டியது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த பாதைதான். எஃப்7இல் பலி வந்த குதிரையை ராஜாவால் வெட்டினேன். வெள்ளை ராணி எஃப்3இலிருந்து செக் வைத்தது. ராஜாவை ஜி8க்கு இழுத்துக்கொண்டேன். அன்றிரவு நகர்த்தல் தாளை வைத்துக் காய்களை அடுக்கியபோது, அதுவரை நேராக இருந்த என் கையெழுத்து ஏழாம் வரியில் சாய்ந்து, பேனா தாளையே கிழித்திருப்பதைக் கண்டேன். ராஜா இ6க்கு முன்னேறி, டி5 குதிரையைப் பாதுகாத்திருக்க வேண்டும். அந்தக் கிழிசல் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கெப்போங் அன்பர்:
ஐயா, தவற்றைத் தாங்கள் ஏழாம் வரியில் தேடுகிறீர்கள். அது ஐந்தாம் வரியிலேயே நிகழ்ந்துவிட்டது. நானும் அதே பொறியில் ஒருமுறை விழுந்தவன். டி5இல் குதிரையால் வெட்டாமல், மற்றக் குதிரையை ஏ5க்குக் கொண்டுபோய் மந்திரியைத் தாக்குங்கள். மந்திரி பி5இல் செக் வைத்தால் சி6இல் சிப்பாயை நிறுத்துங்கள்; ஒரு சிப்பாய் குறைந்தாலும், அந்த மந்திரியும் ஜி5 குதிரையும் அடுத்தடுத்துத் துரத்தப்படுவதால் உங்கள் காய்கள் விரைவாக வெளியே வந்துவிடும். இனி எந்த ஆட்டத்தையும் முதலில் கணினி இல்லாமல் ஆடிப் பாருங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அப்போது என்ன நினைத்தீர்கள் என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். அதன் பிறகே ஸ்டாக்ஃபிஷ் என்னும் சதுரங்கக் கணினி நிரலைத் திறவுங்கள்.

ஜார்ஜ்டவுன் அன்பர்:
கணினியைப் பற்றிக் கெப்போங் அன்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தொடக்கத்தைத் திருத்தினால் போதும் என்பதை ஏற்க இயலவில்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக வாகையர் ஆன பதினான்காம் ஆட்டத்தை, பினாங்கு தெருவுக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில் அப்பாவுடன் மரப்பலகையில் ஆடிப் பார்த்தேன். தொடக்கத்தில் அவருடைய எதிராளி டிங் லிரென் தோற்கவில்லை. 55ஆம் நகர்த்தலில் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்ததால் தோற்றார். அப்பா அந்த யானையைக் கட்டத்தில் வைக்காமல் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, “முதலில் மூலையில் நிற்கும் மந்திரியைப் பாரப்பா” என்றார். டிங்கின் வெள்ளை மந்திரி ஏ8இல் இருந்தது. யானைகள் வெட்டுப்பட்டதும் கறுப்பு மந்திரி டி5க்கு வந்தால், வெள்ளை மந்திரிக்குத் தப்பிக்க வேறு கோடே கிடையாது. இரண்டு மந்திரிகளும் போய்விட்டால் ஒரு சிப்பாய் அதிகமுள்ள குகேஷுக்கே வெற்றி. அந்த நகர்த்தலை நான் திரையில் பலமுறை ஓடவிட்டிருக்கிறேன். ஒருமுறைகூட என் கண் ஏ8க்குப் போனதில்லை.