குரங்கு கொண்டுபோன பெயர் அட்டை

எங்கள் தொழில் சங்கத்தின் வருடாந்த மாநாட்டுக்கு "குடும்பத்தோடு வரலாம்" என்று அழைப்பு வந்தபோது நான் பெரிதாக நம்பவில்லை. இப்படிச் சொன்ன இடங்களில் இதுவரை கண்டதெல்லாம் மூலையில் நாலு பலூனும் ஒரு டிவியும்தான். ஆனால் இடம் கந்தலம ஹோட்டல் என்றதும் மனம் மாறிவிட்டது. கணவர், இரண்டு பிள்ளைகள், மாமி, நான் என்று ஐந்து பேரும் கொழும்பிலிருந்து வான் பிடித்தோம்.

தம்புள்ளை தாண்டிக் காட்டுப் பாதைக்குள் இறங்கிய பிறகும் ஹோட்டலைக் காணவில்லை. பாறைச் சரிவோடு ஒட்டிக் கட்டி, முகப்பு முழுக்கக் கொடி படரவிட்டிருக்கிறார்கள். ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1994இல் திறந்த கட்டடம். சிகிரியாப் பாறைக் கோட்டையின் அடிவாரத்தில் கட்டத்தான் முதலில் கேட்டார்களாம். பாவாதான் தள்ளிவந்து, குளக்கரையில் இந்தப் பாறையைத் தேர்ந்தெடுத்தார். இப்போது தண்ணீருக்கு அப்பால், தூரத்தில் சிகிரியா தெரிகிறது. அடிவாரத்தில் கட்டியிருந்தால் அண்ணாந்து பார்த்துக் கழுத்து நொந்ததுதான் மிச்சமாக இருந்திருக்கும்.

உள்ளே போனால் பாறையும் கூடவே வருகிறது. மாமி அதைத் தடவிப் பார்த்தார், வெறும் கொங்கிறீட் தூண்களைப் பார்த்தார். "ஏன் பிள்ளை, இன்னும் பூச்சு வேலை முடியேல்லையோ?" என்று கேட்டார். நல்ல சத்தமாக. பக்கத்தில் நின்ற எங்கள் தலைவர் தும்முவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்கள் அறை ஒரு கோடி, மாநாட்டு மண்டபம் மறுகோடி. நடை என்றால் அப்படி ஒரு நடை. ஒரு பக்கம் அறைக் கதவுகள், மறுபக்கம் ஈரம் கசியும் பாறை. நடைவழியில் ஏசி கிடையாது, காற்று தானாக வருகிறது. கட்டடம் தூண்களில் நிற்பதால் மழைத்தண்ணீர் அடியாலேயே குளத்துக்கு ஓடிவிடுமாம். மகன் அந்த வழியைத் தினமும் ஆறு தடவையாவது ஓடியிருப்பான், திட்ட ஆளில்லை.

இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு என் பேச்சு. பல்கனிக் கதவைப் பூட்டி வைக்கச் சொல்லி அறையில் எழுதியே இருக்கிறது. குளத்துப் பனியைப் பார்க்கிறேன் என்று கணவர் திறந்தார், பிறகு மறந்தார். நான் தலை வாரிக்கொண்டிருக்கும்போது ஒரு குரங்கு உள்ளே வந்து, கதிரையில் இருந்த மாநாட்டுப் பையைத் துழாவி, பிஸ்கட் பக்கற்றோடு என் பெயர் அட்டையையும் எடுத்துக்கொண்டு போனது. எதிர்மரத்தில் இருந்து பிஸ்கட்டைச் சாப்பிட்டது, அட்டையைக் கடித்துப் பார்த்துவிட்டுக் கிளையில் தொங்கவிட்டது. "இனி உன்ர பேரில அது பேசட்டும்" என்றார் மாமி. நான் பெயரைக் கடதாசியில் எழுதி, ஊசியால் குத்திக்கொண்டு மேடை ஏறினேன். என் பேச்சைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை, எல்லோரும் குரங்கைப் பற்றித்தான்.

ஒரு குறை உண்டு. பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி முழுக்கச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான். ஐந்து வயது மகள் பத்து நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டாள். மாடிப்படியில் லகி சேனநாயக்க செய்த பெரிய ஆந்தை ஒன்று இறக்கை விரித்து நிற்கிறது. அதன் கீழே போய் உட்கார்ந்தவளுக்கு அங்கேயே ஒரு சிங்களச் சிறுமி சிநேகிதியானாள். மத்தியானம் மகள் வந்து குரங்குகளின் சிங்களப் பெயர்களை எனக்குப் பாடம் நடத்தினாள்: கறுத்த முகமும் நீண்ட வாலும் என்றால் வந்துரா, செம்பட்டை மயிரை வகிடெடுத்ததுபோல இருந்தால் ரிலவா. "உங்கட அட்டையை எடுத்தது ரிலவா அம்மா."

உண்மையில் குடும்பங்களுக்கு உதவியது நேர ஒழுங்குதான். அமர்வுகளை மத்தியானச் சாப்பாட்டோடு முடித்துவிட்டார்கள். சிகிரியாவுக்கு ஏறக்குறைய 1,200 படி, மாமிக்குச் சரிவராது. கணவரும் மகனும் மட்டும் ஏறினார்கள், நாங்கள் குளத்தைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம்.

கடைசி நாள் கருத்துப் படிவம் தந்தார்கள். பிள்ளைகளோடு இருக்கத் தமிழ் தெரிந்த ஒருவரையாவது அடுத்த முறை போடுங்கள் என்று எழுதினேன். மாமி எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பூச்சு விசயத்தையும் எழுதிவிடு பிள்ளை."