நான்கு ஆண்டில் இரண்டு பட்டம்: முழுமையா, அரைகுறையா?

கொன்றைவனம்: ஆஸ்திரேலியாவில் அறிவியலையும் கலையையும் சேர்த்துப் படிப்பவர்கள் இரண்டு அரைப் பட்டங்களோடு வெளியே வருகிறார்கள் என்று ஆய்வுக்கூடத்தார் நேற்று இம்மன்றத்தில் எழுதியதை வாசித்து மனம் கொதித்தது. நான் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலையும் மொழியியலையும் சேர்த்தே முடித்தேன். அங்கே தனிப் பட்டத்துக்கு 3 ஆண்டு, 144 அலகு (அலகு என்பது பாடச் சுமையின் அளவு). அதில் 48 அலகு மாணவரின் விருப்பத்துக்கு விடப்பட்டவை. அந்த இடத்தை இன்னொரு பட்டம் நிரப்புவதால்தான் இரண்டும் 4 ஆண்டில், 192 அலகில் முடிகின்றன. முதன்மைப் பாடத்துக்கான, அதாவது பட்டத்துக்குள் ஆழமாகப் படிக்கும் துறைக்கான, 48 அலகில் யாரும் ஒன்றைக்கூடக் குறைத்துத் தருவதில்லை.

ஆய்வுக்கூடத்தார்: பாடம் ஒன்றுக்கு 6 அலகு. தனித்தனியே படித்தால் 24 பாடமும் 24 பாடமும் சேர்ந்து 48. தாங்கள் படித்தவை 32. மீதி 16 பாடங்கள் எங்கே போயின, தம்பி?

கொன்றைவனம்: பட்டத்துக்கு எட்டாக விட்ட விருப்பப் பாடங்கள்தாம் அந்த 16, ஐயா. ழகரத்தை ஒலித்துப் பதிவுசெய்து, ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் நிறமாலை வரைபடத்தில் பார்த்தால், வாயின் ஒத்ததிர்வுகளைக் காட்டும் கருந்தடங்களில் மூன்றாவது கீழே இறங்கி நிற்கும். அது ஏன் இறங்குகிறது என்பதை ஒலியியலும் மொழியியலும் ஒருசேரத் தெரிந்த எனக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இதையா அரைப் படிப்பு என்கிறீர்கள்?

ஆய்வுக்கூடத்தார்: தனியாக இயற்பியல் படிக்கும் பிள்ளை அந்த எட்டு இடங்களில் கணிதத்தையும் கணினியியலையும் எடுத்து ஆழமாகப் போகும். ழகரத்தைக் காட்டி 16 பாடங்களை மறைக்க முடியாது. தமிழ்ப் பள்ளிப் பாடத்திட்ட விவாதத்திலும் தாங்கள் இப்படித்தான் பேச்சை வேறு பக்கம் திருப்பினீர்கள்.

கான்பெரா அம்மா: எங்களுக்குக் கட்டணம்தான் கவலை. 2021 முதல் கலைப் பாடங்களுக்குக் கட்டணம் இரட்டிப்புக்கும் மேலாகிவிட்டதே?

கொன்றைவனம்: அக்கா, கட்டணம் பட்டத்துக்கு அல்ல, பாடத்துக்கு. உள்நாட்டு மாணவருக்கு 2021-இல் முழு ஆண்டுக்கு வரலாறு 14,500 டாலர், அறிவியல் 7,950, கணிதமும் பிறமொழிகளும் 3,950 என்று வைத்தார்கள். கலைப் பக்கத்தில் மொழி ஒன்றை எடுத்தால் சுமை பெரிதும் குறையும். வரலாறு படிக்க விரும்பும் பிள்ளையை இப்படித் தண்டிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

யாரா நதி: இந்தத் தொல்லையே வேண்டாமென்றுதான் மெல்பர்ன் பல்கலைக்கழகம் 2008-இல் பாடத்திட்டத்தை மாற்றி, ஒரே பட்டத்துக்குள் பிற துறைப் பாடங்களையும் கட்டாயமாக்கியது.

கொன்றைவனம்: வேறு துறையில் நான்கைந்து பாடம் தொட்டுப் பார்ப்பதும் அதிலேயே ஒரு முதன்மைப் பாடத்தை இறுதியாண்டு வரை படித்து முடிப்பதும் ஒன்றாகுமா? தங்கள் பல்கலைக்கழகப் பெருமையை இங்கே கொண்டுவர வேண்டாம்.

யாரா நதி: பெருமை யாருக்கு என்பதை மேலே உள்ள பதிவுகளே சொல்லும்.

ஆய்வுக்கூடத்தார்: கட்டணமும் மெல்பர்னும் இருக்கட்டும். 16 பாடங்களுக்கு இன்னும் நேரான விடை வரவில்லை.

கொன்றைவனம்: வந்துவிட்டது, தாங்கள்தாம் வாசிக்க மறுக்கிறீர்கள். இந்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பெரும்பாலும் முதலில் கேட்பது, பட்டத்துக்குப் பின் ஆய்வோடு படிக்கும் கூடுதல் ஆண்டான ஆனர்ஸ் ஆண்டின் தரத்தை. அந்த ஆண்டில் சேர முதன்மைப் பாடத்தில் தேர்ச்சியைப் பார்ப்பார்கள். விருப்பப் பாடங்களை எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

ஆய்வுக்கூடத்தார்: நான் ஆனர்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. 48-இல் 32 போனால் 16.