முகில் காட்டில் ஓர்கிட் பார்க்கப் போகிறவர்களுக்கு

கொழும்பில் இருக்கும் நமக்கு ஓர்கிட் என்றால் பூக்கடை டென்ட்ரோபியம்தான். கொத்தாக வாங்கி வைத்தால் ஒரு கிழமைக்கு வாடாது. அந்த நினைப்போடு ஹோட்டன் சமவெளிக்குப் போனால் பக்கத்தில் இருப்பதுகூடக் கண்ணில் படாது. கிட்டத்தட்ட 2,100 மீற்றர் உயரம், காற்றுக்கு வளைந்த குட்டை மரங்கள், கிளை முழுக்கப் பாசி, அதற்குள் பல ஓர்கிட்டுகளின் பூ சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது.

வெள்ளவத்தையிலிருந்து நண்பர்களோடு ரயிலில் ஒஹியா போய் அங்கிருந்து ஏறினோம். முதலில் கிடைத்தது காட்டுக்குள் இல்லை, புல்வெளியில். இளஞ்சிவப்புக் கதிர் ஒன்று. ஏதோ காட்டுப்பூ என்று எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள். குனிந்து பின்பக்கம் பார்த்தால் ஒவ்வொரு பூவுக்கும் இரண்டு வால் தொங்குகிறது. சரி, சட்டீரியம் என்ற ஓர்கிட்! பெரும்பாலான ஓர்கிட்டுகளில் மொட்டு 180 பாகை திரும்பிய பிறகுதான் விரியும், அதனால் உதடு மாதிரியான இதழ் கீழே வரும். சட்டீரியம் திரும்புவதில்லை. உதடு மேலேயே முக்காடு போட்டதுபோல் நிற்கும், வால் இரண்டும் அதிலிருந்துதான் இறங்கும்.

கொஞ்ச நேரத்தில் ஓடைப் பக்கமிருந்து தம்பி ஒருவன் "அண்ணா, ஓர்கிட்!" என்று கத்தினான். அதற்கும் வால் இருந்தது, ஆனால் அது காட்டுக் காசித்தும்பை. இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு வரும். இலை விளிம்பைப் பாருங்கள்: ரம்பப் பல் இருந்தால் ஓர்கிட் இல்லை. காசித்தும்பைத் தண்டு நீர்கோர்த்து, லேசாக நசுக்கினாலே உடைகிற மாதிரி இருக்கும் (உடைத்துப் பார்க்காதீர்கள்!).

மரத்தில் இருப்பதைக் கண்டுபிடிக்கப் பூ தேவையே இல்லை என்பேன். பாசிக்குள் பச்சைக் குமிழ்கள் வரிசையாக, ஒவ்வொன்றின் உச்சியிலும் இரண்டு இலை என்றால் சீலோஜைனே என்ற ஓர்கிட்டாக இருக்க நல்ல வாய்ப்பு. பூத்திருந்தால் வெள்ளைப் பூ, உதட்டில் மஞ்சள், நல்ல வாசனை. தரையில் வளரும் வனராஜா என்ற ஓர்கிட்டுக்கு இலையே அடையாளம், கருமையான இலையில் பொன்வலை போட்டதுபோல் நரம்பு ஓடும். அப்புறம், வெசாக் ஓர்கிட்டை அங்கே தேடி அலையாதீர்கள். அது தாழ்நில மழைக்காட்டுச் செடி, மே மாதத்தை ஒட்டிப் பூப்பது.

பூவின் முகத்தை மட்டும் படம் எடுத்து "இது என்ன?" என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. பக்கவாட்டில் ஒன்று, இலை ஒன்று, அடிப்பகுதி மரத்தைப் பிடித்திருக்கும் இடம் ஒன்று கட்டாயம் வேண்டும். படம் போடும்போது சரியான இடத்தைச் சொல்லாதீர்கள், பெயர்த்துக்கொண்டு போக ஆள் இருக்கிறது. தேசியப் பூங்காவிலிருந்து செடி எடுப்பது குற்றம். அப்படியே கொண்டுவந்தாலும் அந்தக் குளிரும் முகிலும் இல்லாமல் தெஹிவளை பல்கனியில் எத்தனை நாள் தாங்கும்? வளர்க்க ஆசை என்றால் கடையில் வாங்குங்கள், பார்க்க ஆசை என்றால் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் ஓர்கிட் இல்லம் இருக்கிறது.

ஒபெரோனியா என்ற குட்டிப் பூ ஓர்கிட்டைப் பார்க்க நினைப்பவர்கள் 10 மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்று கொண்டுபோங்கள். தட்டையான இலைகள் விசிறியாக அடுக்கியிருப்பதால் செடியை எளிதாகப் பிடித்துவிடலாம். ஆனால் எலிவால் மாதிரிக் கதிரில் இருக்கும் பூ ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான், காற்று வேறு ஆட்டும், போன் கமெரா திணறும்.