பாரூர் ஏரியில் கர்டிஸ் பறக்கும் படகு மாடல்: ஓடுகிறது, எழமாட்டேன் என்கிறது

பட்டணத்துப் பறவை (காவேரிப்பட்டணம்)

வணக்கம். என்னிடம் இருப்பது அமெரிக்கர் கிளென் கர்டிஸின் மாடல் எஃப் பறக்கும் படகின் (தண்ணீரில் ஓடி எழும் விமானம்) 1/8 அளவு ரேடியோ மாடல். அசலின் மேல் இறக்கை 13.75 மீட்டர், மாடலில் 172 செ.மீ. முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை இறக்கை அகலம் 18.5 செ.மீ. இரண்டு இறக்கையும் சேர்த்துப் பரப்பு 56 சதுர டெசிமீட்டர். பேட்டரியோடு எடை 2.4 கிலோ. மோட்டார் அசலில் இருப்பதுபோலவே இரு இறக்கைகளுக்கும் நடுவில், பின்னாலிருந்து தள்ளும் வகை. தொங்கு தராசில் கட்டிப் பார்த்ததில் 1.5 கிலோ இழுக்கிறது.

படகு உடல் பால்சா, மேலே ஃபைபர் கிளாஸ் துணி, எபாக்ஸி. அடியில் ஸ்டெப் (குறுக்கே வெட்டிய படி) உண்டு: ஆழம் 2 மி.மீ., சிஜிக்கு (எடை மையத்துக்கு) 7 செ.மீ. பின்னால். ஸ்டெப் இருக்கும் இடத்தில் அடிப்பாகத்தின் அகலம் 11 செ.மீ. சிஜி அடிப்பாகத்துக்கு மேல் 14 செ.மீ. உயரத்தில் இருக்கிறது.

பாரூர் ஏரியில் காலையில் விட்டால் ஜிபிஎஸ் கணக்குக்கு மணிக்கு 22 கி.மீ. வரை போகிறது, அதற்கு மேல் ஏறுவதில்லை. மூக்கைத் தூக்கும் வால் மடலான எலிவேட்டரை ஆரம்பம் முதல் கடைசி வரை முழுக்க இழுத்துப் பிடித்தாலும் எழவில்லை. பெரிய மோட்டார் போடுவதா, எரிபொருளில் ஓடும் கிளோ இன்ஜினுக்கு மாறுவதா?

இன்னொன்று. இறக்கைக் கம்பிகளுக்குப் பதில் தூண்டில் நரம்பு கட்டியிருக்கிறது. மூன்று ஓட்டத்துக்குப் பிறகு மேல் இடது இறக்கை முனை முறுக்கியதுபோலத் தெரிகிறது.

தென்பெண்ணை

மோட்டாரை மாற்றாதீர்கள். காரணம் நீங்கள் கொடுத்த எண்களிலேயே இருக்கிறது.

2.4 கிலோ, 56 சதுர டெசிமீட்டர் என்றால் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 43 கிராம் சுமை. கிருஷ்ணகிரிப் பக்கம் ஏறத்தாழ 500 மீட்டர் உயரம், 30 டிகிரி வெயில் என்று வைத்துக் கணக்குப் போட்டால் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இந்த இறக்கை எடையைத் தூக்கும். பறக்கும் படகுக்குத் தண்ணீரின் இழுப்பு உச்சத்துக்கு வருவது எழும் வேகத்தில் 40 சதவீதம் வாக்கில், உங்களுக்கு 12 கி.மீ. அந்த மேட்டை ஹம்ப் என்பார்கள். அங்கே இழுப்பு எடையில் கால் பங்கு வரை போகும், அதாவது 600 கிராம். உங்கள் மோட்டார் 1.5 கிலோ தள்ளுகிறது. மேட்டைத் தாண்டி 22 வரை வந்தும்விட்டது. மெல்லிய காற்றால் புரொப்பெல்லர் இழக்கும் பலத்தையும் தனியாகக் கழிக்க வேண்டாம், தராசில் பார்த்தது நம்ம ஊர்க் காற்றில்தானே. ஆக பலம் போதும். வண்டியைப் பிடித்து வைத்திருப்பது தண்ணீர்.

குழாயைத் திறந்து, விழும் தண்ணீருக்குப் பக்கத்தில் கரண்டியின் முதுகைத் தொங்கவிட்டுத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் கரண்டியைத் தள்ளாது, உள்ளே இழுக்கும். வளைந்த பரப்பைத் தண்ணீர் கவ்விக்கொண்டு சுற்றும். படகின் அடியிலும் இதே கதை. முன்பாதியைத் தாண்டி வரும் தண்ணீர் வெட்டிவிட்டதுபோலப் பிரிய வேண்டும், அந்த இடைவெளியில் காற்று புக வேண்டும். ஸ்டெப் இருப்பது இதற்காகத்தான். 2 மி.மீ. ஆழத்தில், அதுவும் துணி ஒட்டித் தேய்த்த பிறகு விளிம்பு உருண்டு போயிருந்தால், தண்ணீருக்கு அங்கே படி இருப்பதே தெரியாது. வளைந்து ஏறிப் பின்பாதியையும் நனைத்து உறிஞ்சும்.

கர்டிஸுக்கே வந்த தொல்லை இது. 1912-ல் அமெரிக்காவின் ஹேமண்ட்ஸ்போர்ட்டில் அவருடைய பறக்கும் படகு, அடிப்பாகம் ஒரே வழவழப்பாக இருந்தவரை தண்ணீரை விடவில்லை. பக்கத்திலேயே மோட்டார் படகில் ஓடி நீர் எப்படி ஒட்டுகிறது என்று பார்த்து, அடியில் மரக்கட்டை வைத்து ஸ்டெப் உண்டாக்கினார். பிறகுதான் எழுந்தது. உங்களுக்கும் அதே வைத்தியம்.

இடமும் தப்பு. 14 செ.மீ. உயர சிஜிக்கு 7 செ.மீ. பின்னால் என்றால் செங்குத்துக் கோட்டிலிருந்து 26 டிகிரிக்கு மேல். வண்டி ஸ்டெப்பை அச்சாக வைத்துத்தான் மூக்கைத் தூக்கும். அச்சு இவ்வளவு பின்னால் இருந்தால் எலிவேட்டரால் முடியாது. 10 முதல் 15 டிகிரிக்குள் வர வேண்டும். 12 டிகிரி வைத்தால் சிஜிக்கு 3 செ.மீ. பின்னால்.

பழைய ஸ்டெப்பை வெட்ட வேண்டாம். முன்பாதிக்கு அடியில் ஒரு பொய்த் தளம் ஒட்டுங்கள். 8 மி.மீ. எக்ஸ்பிஎஸ் ஃபோம் (கெட்டி நுரைப் பலகை) போதும், அகலத்தில் 7 சதவீதம் வருகிறது. பின்விளிம்பு சிஜிக்கு 3 செ.மீ. பின்னால் முடியட்டும். அங்கிருந்து முன்னோக்கி 16 செ.மீ. வரை பழைய அடிக்கு இணையாக ஒரே தடிமன், அதற்கப்புறம் மூக்கை நோக்கி இழைத்துக் கொண்டுபோய்ப் பூஜ்யமாக்குங்கள். மேலே ஒரு சுற்று மெல்லிய கிளாஸ் துணி. பின்னால் மிஞ்சும் பழைய 2 மி.மீ. படியை ஃபில்லர் வைத்துச் சரிவாக்கிவிடுங்கள், இரண்டாவது படியாக நிற்கக் கூடாது. எல்லாம் முடிந்ததும் சிஜியை மறுபடி பாருங்கள், ஒட்டிய எடை பெரும்பாலும் முன்னால்தான் விழும்.

விளிம்பு கூர்மைதான் உயிர். ஸ்டெப் விளிம்பை ஒட்டி மாஸ்கிங் டேப்பை 2 மி.மீ. வெளியே நீட்டி நிற்க வையுங்கள், அணை கட்டியதுபோல. அதற்குள் கெட்டியான எபாக்ஸி ஊற்றி, இறுகியதும் டேப்பை உரித்து, மரக்கட்டையில் சுற்றிய 240 நம்பர் உப்புத்தாளால் தட்டையாகத் தேயுங்கள். வெறும் விரலில் தாளைப் பிடித்துத் தேய்த்தால் மறுபடி உருண்டுவிடும். நகத்தால் இழுத்துப் பார்த்தால் சுரண்ட வேண்டும். இரு பக்க விளிம்புகளுக்கும் இதே வேலை.

ஓட்டும் விதமும் மாற வேண்டும். எலிவேட்டரை முழுக்க இழுப்பது ஹம்ப் தாண்டும் வரைதான். படகு மேலேறி வழுக்கத் தொடங்கியதும் நடுநிலைக்குப் பக்கத்தில் விடுங்கள். இழுத்தபடியே இருந்தால் வால் தண்ணீரில் உரசிக்கொண்டே வரும், வேகம் 22-லேயே நிற்கும். வேகம் ஏறிய பிறகு மெதுவாக ஒரு இழுப்பு. மோட்டார் வேகத்தைக் கூட்டும் திராட்டிலையும் சட்டென்று முழுக்கத் திறக்காதீர்கள். மோட்டார் சிஜிக்கு மேலே இருப்பதால் தள்ளும் தள்ளு மூக்கைத் தண்ணீருக்குள் அமுக்கும். 1914-ல் அட்லாண்டிக்கைத் தாண்டக் கட்டிய கர்டிஸ் 'அமெரிக்கா'வுக்கு இதே நோய். முழு பலம் கொடுத்தால் மூக்கு முங்கியது, இரு பக்கமும் மிதவைத் துடுப்புகள் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த வண்டியை ஓட்ட வந்திருந்த ஜான் போர்ட், பிறகு இங்கிலாந்தில் ஃபெலிக்ஸ்டோவில் படகு உடலையே திரும்ப வடிவமைத்தார்.

கிளோ இன்ஜினைப் பொறுத்தவரை, அதில் கலக்கும் விளக்கெண்ணெய் பழைய ரோட்டரி இன்ஜின் (புரொப்பெல்லரோடு இன்ஜினே சுழலும் வகை) காலத்து வழக்கம். அந்த வகையில் ஒன்றான நோம் இன்ஜினில் பெட்ரோல் கலவை கிராங்க்கேஸ் வழியாகத்தான் போகும், சாதாரண எண்ணெய் கரைந்துவிடும், விளக்கெண்ணெய் பெட்ரோலில் எளிதில் கரையாது. நம்ம பக்கம் வரப்பில் நிற்கும் ஆமணக்குக்கு அப்படி ஒரு கௌரவம் இருந்தது. ஆனால் எரியாமல் வெளியே வரும் எண்ணெய் பின்னால் இருக்கும் துணியிலும் ஒட்டிலும் இறங்கும். தள்ளும் வகை வண்டிக்கு வேண்டாம்.

ரசமட்டம் (தர்மபுரி)

கம்பி விஷயத்துக்கு வருகிறேன். தூண்டில் நரம்பு நைலான். ஈரத்தை உறிஞ்சி நீளும், வெயிலிலும் தளரும். பைப்ளேனில் (ஈரடுக்கு இறக்கை விமானத்தில்) கம்பி அலங்காரம் இல்லை. கம்பி, இறக்கைகளுக்கு இடையே நிற்கும் குத்துக்கால், இரு இறக்கை, நாலும் சேர்ந்து ஒரு பாலம். 1910-ல் பல்லாவரத்தில் சென்னை ஹோட்டல்காரர் டி ஆஞ்செலிஸ் பறக்கவிட்ட பைப்ளேனைச் சென்னையில் சிம்சன் கோச்சுவண்டிப் பட்டறையில் கட்டினார்கள் என்றால், அந்த வேலை மரத்தையும் கம்பியையும் இழுத்து நிறுத்தத் தெரிந்தவர்களின் வேலை என்பதால்தான்.

கிட்டாரின் முதல் கம்பி வாங்குங்கள், 0.010 அங்குல வெற்று எஃகு. 10 கிலோவுக்கு மேல் தாங்கும், உங்கள் எடைக்கு மிதமிஞ்சிய பலம். ஏரியிலிருந்து வந்ததும் எண்ணெய்த் துணியால் துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும்.

வரிசை முக்கியம். படகு உடலை மேசையில் ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் மட்டமாக்கி அசையாமல் கட்டுங்கள். முதலில் நடு இறக்கைப் பகுதி. பிறகு உள்பக்கம் மேலிருந்து வெளிப்பக்கம் கீழே இறங்கும் கம்பிகள், தரையில் இறக்கையின் எடையைத் தாங்குபவை. இறக்கை முனைகள் எவ்வளவு உயர வேண்டும் என்பதை இவைதான் முடிவு செய்யும். அடுத்து உள்பக்கம் கீழிருந்து வெளிப்பக்கம் மேலே ஏறும் கம்பிகள், பறக்கும்போது சுமை முழுவதும் இவற்றில். கடைசியாக முன்பின் குத்துக்கால்களுக்கு இடையே உள்ள குறுக்குக் கம்பிகள். முறுக்கைச் சரிசெய்வது இவற்றில்தான், மற்றதைத் தொடாதீர்கள்.

சோதிக்க மூக்கின் நடுப்புள்ளியில் ஒரு குண்டூசி. அதிலிருந்து இடது, வலது வெளிக்குத்துக்கால்களின் உச்சிக்கு நூல் பிடித்து அளந்தால் வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மேல் இறக்கை முன்விளிம்பில் நாலு இடத்தில் தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் நூல்கள் ஒரே கோட்டில் விழ வேண்டும். இறக்கை முன்பின் விலகியிருந்தால் அப்போதே கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆசைப்பட்டு வீணைத் தந்தி மாதிரி முறுக்கேற்றாதீர்கள், குத்துக்கால் வில்லாக வளையும். தட்டினால் மந்தமான ஓசை போதும், இரண்டு பக்கமும் ஒரே ஓசை.

பட்டணத்துப் பறவை (காவேரிப்பட்டணம்)

இருவருக்கும் நன்றி அண்ணே. விளிம்பு நிஜமாகவே உருண்டிருக்கிறது, நகம் வழுக்குகிறது. ஒரு சந்தேகம். நேர்சட்டத்தை முன்பாதி அடியோடு ஒட்டிப் பின்னால் நீட்டிப் பார்த்தால், ஸ்டெப்பிலிருந்து 50 செ.மீ. தள்ளி இருக்கும் வால் முனை 3.5 செ.மீ. மட்டுமே உயர்ந்திருக்கிறது. போதுமா?

தென்பெண்ணை

போதாது, நல்லவேளை அளந்தீர்கள். அது 4 டிகிரி. பொய்த் தளம் ஒட்டிய பிறகும் நாலரை டிகிரிதான். அதற்கு மேல் மூக்கைத் தூக்கினால் வால் தண்ணீரில் முட்டும். 7 டிகிரி வேண்டும், அதாவது வால் முனை இன்னும் 2.5 செ.மீ. மேலே போக வேண்டும்.

வால் பக்கம் 20 செ.மீ.யை மட்டும் மேலே வளைத்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள், மறுபடி கரண்டி முதுகு ஆகிவிடும். ஸ்டெப்பில் பூஜ்யம், வால் முனையில் 2.5 செ.மீ. என்று நீள ஆப்பு வடிவில் பக்கப் பலகைகளில் கோடு போட்டு, அடியை நேராக அறுத்தெடுத்து, புதிய அடி மூடுங்கள். மூடும் முன் உள்ளே இரண்டு குறுக்குத் தடுப்பு வைத்துவிட்டால் கசிந்தாலும் தண்ணீர் ஒரே பக்கம் ஓடாது. வால் பக்கம் எடை குறையும், சிஜியை மூன்றாவது முறையும் பாருங்கள்.

ஓடும்போது மூக்கு மேலும் கீழும் குதிக்கத் தொடங்கினால் எலிவேட்டரால் துரத்தாதீர்கள். கை எப்போதும் ஒரு குதிப்பு தாமதமாகத்தான் போகும், ஆட்டம் பெருகும். திராட்டிலைக் குறையுங்கள்.

ஏரிக்கரை

இறக்கை முனை மிதவைகளை யாரும் சொல்லவில்லை. படகு நேராக மிதக்கும்போது மிதவையின் அடி தண்ணீருக்கு 1 செ.மீ. மேலே நிற்கட்டும், மூக்கு 4 டிகிரி தூக்கியபடி. மட்டமாக ஒட்டினால் ஒரு பக்கம் சாயும்போது குத்திக்கொண்டு வண்டி சுழன்றுவிடும்.

கண்ணாடி மாதிரி அசையாத தண்ணீரில் எழுவது இன்னும் கடினம். அக்காலத்தில் அப்படிப்பட்ட நாளில் மோட்டார் படகை முன்னால் ஓட்டித் தண்ணீரைக் கலைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். ஆகவே விடிந்ததும் விடாமல், இலை அசையும் அளவு காற்று வந்ததும் அதை எதிர்த்து விடுங்கள். 5 கி.மீ. எதிர்க்காற்று என்றால் தண்ணீரில் 25 வேகமே போதும். ஆடிக் காற்று வீசும் மாதங்களில் 8 மணிக்குள் முடித்துவிடுங்கள், பைப்ளேனின் பக்கவாட்டுப் பரப்பு பெரிது, நின்ற இடத்திலேயே கவிழ்த்துவிடும்.

மீன் குத்தகைக்காரரிடம் வலை கட்டியிருக்கும் இடத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் ஏரி பச்சையில் (அனுமதி கேட்கத் தேவையில்லாத பகுதியில்) இருக்கிறதா என்றும் பாருங்கள். கிருஷ்ணகிரி அணைப் பக்கம் போக வேண்டாம். மோட்டார் வண்டி டியூப் ஒன்றும் 30 மீட்டர் நைலான் கயிறும் கரையில் இருக்கட்டும், நடு ஏரியில் பேட்டரி தீர்ந்தால் நீந்திப் போகக் கூடாது.